விதானையார் வீட்டுத் திண்ணையைத் தேடி

சென்ற தவணை முடிவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கொணர்ந்து நமது மேசை மீது வைத்தாள். "சேர், நான் ஒரு தொடர் நாடகம் எழுதியிருக்கிறன். வாசிச்சுப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றாள். சற்றுத் தயங்கி நின்றவள், "இதை எழுதிச் சீவிக்கேலுமோ எண்டும் சொல்லுங்கோ. ஏலாது எண்டு அப்பா சொல்லுறார்" என்று கூறிவிட்டுப் போனாள்.

அன்றிரவு கொப்பியை வாசித்தோம். கதை நன்றாகவே அமைந்திருந்தது. நமது குடாநாட்டுக் கிராமம் ஒன்றிலே, பங்குக் கிணறு ஒன்றினால் பிரிந்து வாழும் இரு சகோதரிகளைப் பற்றிய கதை அது. ஆனால் முதற் காட்சியிலேயே மனைவி கணவனைப் பார்த்து, "என்னங்க, காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்கின்றாள். நமக்கு வியப்பாக இருந்தது. யாழ்ப்பாணத்திலே எந்த மனைவி தன் கணவனை அவ்வாறு அழைக்கின்றாள்? "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்பதன்றோ நமது அடுக்களையின் பேச்சு?

பிள்ளையைக் குறை கூறுவதற்கில்லை. மாலை விளக்கேற்றியதும் நம் வீடுகளிற் பெரும்பாலானவற்றில் ஒலிப்பவை சென்னையிலிருந்து வரும் தொடர்கள். நாடகத்தில் வரும் மாந்தர் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவள் எண்ணியதில் வியப்பென்ன? எனினும் அவளுக்கு விடை சொல்லுமுன், நமது மண்ணிலேயே தொடர் நாடகம் எழுதியவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள், எந்த மொழியில் எழுதினார்கள் என்பதை ஒருமுறை நினைந்து பார்க்க விரும்பினோம். சனிக்கிழமை காலை, நண்பரான தமிழாசிரியர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் ஏறி, அவ்வெழுத்தாளர்கள் பிறந்த மூன்று ஊர்களையும் கண்டு வரப் புறப்பட்டோம்.

நல்லூர்க் கந்தனை வணங்கிப் பின் காங்கேசன்துறை வீதியிலே வடக்கு நோக்கிச் செல்லும்பொழுது, இந்தத் தொழிலின் பூர்வீகத்தை நண்பருக்குச் சொல்லிக்கொண்டு போனோம். ஆங்கிலத்தில் இவ்வகைத் தொடர்களுக்குச் 'சவர்க்கார நாடகம்' என்று பொருள்படும் பெயர் வழங்குகின்றது. 1930களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத் தொடர்களை நடத்தப் பணம் கொடுத்தவர்கள் சவர்க்காரம் விற்கும் நிறுவனத்தார். வீட்டு வேலையில் ஈடுபட்டிருக்கும் பெண்களின் செவிக்குத் தம் பண்டத்தின் பெயரைக் கொண்டுசெல்ல அவர்களுக்குக் கதை ஒன்று வேண்டியிருந்தது. அக்கதையை வகுத்தவர்களுள் முதன்மையானவர் சிக்காகோவில் பிறந்த ஏர்னா பிலிப்ஸ் என்னும் பெண்மணி. நம்மைப் போல் ஆசிரியத் தொழில் பார்த்தவர் என்பதை அறிந்தபோது நமக்குச் சிறிது பெருமையாகவே இருந்தது. 1930இல் அவர் எழுதத் தொடங்கிய 'வர்ணக் கனவுகள்' என்ற பொருளுடைய தொடரே இவ்வகை நாடகங்களுக்கு முன்னோடி எனலாம். ஆனால் அதன் உரிமை தமக்கே என்று அவர் தொடுத்த வழக்கிலே, வானொலி நிலையத்தின் பக்கமே தீர்ப்பாயிற்று. எழுதியவருக்குத் தம் எழுத்துச் சொந்தமில்லாமற் போயிற்று!

அவர் சோர்ந்துவிடவில்லை. 1937இல் வானொலியில் ஆரம்பித்த அவரது மற்றொரு தொடர், 1952இல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009 வரை நடந்தது. எழுதியவர் 1973இல் மறைந்த பின்னும் முப்பத்தாறு ஆண்டுகள் அக்கதை பிறர் கைகளால் வளர்ந்தது. தாம் படைத்த மாந்தரின் குரல்களிலே தாமே பேசிக்காட்ட, அருகிருந்தவர் எழுதிக்கொள்வது அவருடைய வழக்கம் என்பர். தொடர் நாடகம் கண்ணுக்கு எழுதப்படுவதன்று, காதுக்கு எழுதப்படுவது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இணுவில், மருதனார்மடம் கடந்து சுன்னாகம் சேர்ந்தோம். யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ ஆறு மைல். சந்தையில் மரக்கறிக் கடகங்கள் நிறைந்திருந்தன. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் ஏழாலை. ஏழு ஆலயங்கள் இருந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். செம்மண் தோட்டங்கள், ஆழமான கிணறுகள், வெங்காயப் பாத்திகள், பனை ஓலை வேலிகள். வேலிகள் பலவும் இன்று மதில்களாகிவிட்டன. சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் ஆசிரியராக இருந்து கற்பித்த ஊர் இது. அந்தப் பண்டித மரபின் நடுவிலேதான் 1915இல், பின்னாளில் இலங்கையர்கோன் என்று புகழ்பெற்ற சிவஞானசுந்தரம் பிறந்தார்.

ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகள் என இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகிய மூவரையும் ஒருங்கே கூறுவது வழக்கம். அவர்களுள் வைத்தியலிங்கமும் இவ்வூரவரே. இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்' என்னும் கதையை நம் மாணவர்கள் அறிவர். அவர் வானொலிக்கு எழுதிய 'விதானையார் வீட்டில்' என்ற தொடர் நாடகத்தை அறிந்தவர்களோ இன்று மிகச் சிலர். ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி இருந்த வீடுகளின் திண்ணைகளில் அயலவர் கூடியிருந்து கேட்ட தொடர் அது. அக்காலத்தில் இலங்கை வானொலியின் தமிழ் நாடகப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் 'சானா' என்னும் எஸ். சண்முகநாதன். ஓவியமும் நகைச்சுவை எழுத்தும் ஒருங்கே கைவந்த அவருடைய காலத்தில் யாழ்ப்பாணப் பேச்சு, கொழும்பு ஒலிபரப்பு நிலையத்தின் கதவைத் தலை நிமிர்ந்தே கடந்தது.

இலங்கையர்கோன் காரியாதிகாரியாக அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் என்பது இங்கே கருதத்தக்கது. விதானைமார் தங்கள் முறைப்பாடுகளையும் அறிக்கைகளையும் கொண்டுவந்து நிற்கும் மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவர். காணிச் சண்டை, வேலிச் சண்டை, களவு, கலியாணத் தகராறு முதலியன யாவும் அந்த மேசையைக் கடந்தே போயிருக்கும். பகலெல்லாம் உத்தியோக நடையில் எழுதவேண்டிய மனிதர், தமது நாடகத்தில் விதானையாரை உத்தியோகத்தராக மட்டும் காட்டாமல், வீட்டுக்காரராகவும் காட்டினார். 1963இல் விதானைப் பதவியே ஒழிந்து, அவ்விடத்தில் கிராமசேவகர் வந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1961இல், இலங்கையர்கோனும் மறைந்துவிட்டார்.

ஒழுங்கை முகப்பில் கண்ட மூதாட்டி ஒருவரிடம், "ஆச்சி, விதானையார் வீட்டில் எண்ட நாடகம் ஞாபகமிருக்கோ?" என்று வினவினோம். "ஏன் மறக்கிறன் தம்பி? நான் அப்ப சின்னப்பிள்ளை. எங்கடை வீட்டிலை றேடியோ இல்லை. வேலிப் பொட்டுக்குள்ளாலை போய்த்தான் கேக்கிறது" என்றார். நாடகத்தில் என்ன நடந்தது என்று கேட்டோம். அவர் சிரித்தார். "அது நினைவில்லை. ஆனால் எங்கடை ஐயாவும் அம்மாவும் கதைக்கிற மாதிரியே கதைப்பினம்" என்றார்.

ஏழாலையை விட்டு மல்லாகம், அளவெட்டி வழியாக மேற்கே போனோம். அளவெட்டி, கவிஞர் மஹாகவி பிறந்த ஊர். நாதஸ்வரக் கலைஞர் குடும்பம் ஒன்றைப் பற்றிய 'கோடை' என்னும் அவரது பா நாடகத்திலே, யாப்புக் குலையாமலே மனிதர் வீட்டுப் பேச்சுப் பேசுகின்றனர். பண்டத்தரிப்பைத் தாண்டியதும் காற்றில் கடலின் ஈரம் தெரியலாயிற்று. சில்லாலையை அடைந்தோம். கத்தோலிக்க மக்கள் நெடுங்காலமாக வாழும் இவ்வூர், நாட்டு வைத்தியத்துக்கும் பேர்போனது. தேவாலயத்து முற்றத்து நிழலில் வண்டியை நிறுத்தினோம்.

1933ஆம் ஆண்டு இவ்வூரிலே பிறந்த செல்வராசன், ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் சூடிக்கொண்டு சில்லையூர் செல்வராசன் ஆனார். கவிஞர், பத்திரிகையாளர், ஒலிபரப்பாளர், நடிகர், விமரிசகர் என்று பல துறைகளில் வல்லவராகையால் 'பல்கலை வேந்தர்' என அழைக்கப்பட்டார். ஈழத்துத் தமிழ் நாவலின் வளர்ச்சியை ஆராய்ந்து 1967இல் நூல் வெளியிட்டவரும் இவரே. திரைப்படத்துக்கென்று அவர் எழுதிய 'தணியாத தாகம்' என்னும் கதை, 1970களில் மக்கள் வங்கியின் ஆதரவுடன் வானொலித் தொடராக ஒலித்தது. அமெரிக்காவிலே சவர்க்காரக்காரர் செய்த வேலையை இங்கே வங்கி ஒன்று செய்தது! சேமிப்பைப் பற்றிச் சொல்ல வந்த நிகழ்ச்சி, குடும்பம் ஒன்றின் துன்பத்தை வீடு வீடாகக் கொண்டுசென்றது.

தொடர் எழுதுபவனின் நிலையை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தோம். சிறுகதை எழுதுபவன் கதை கனியும்வரை காத்திருக்கலாம். தொடர் எழுதுபவனுக்கு அந்த வசதி இல்லை. ஒலிப்பதிவு நாள் வந்தால், காய்ச்சலானாலும் கலியாணமானாலும் பிரதி வந்தாக வேண்டும். பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கு ஒரு விருப்பம், தயாரிப்பாளருக்கு ஒரு விருப்பம், நேயர் கடிதங்களில் நூறு விருப்பம். நடிகர் ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் அவர் ஏற்ற பாத்திரத்தையும் எங்காவது அனுப்பிவைக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் ஒரு கேள்வியில் முடிய வேண்டும். முந்திய பகுதியைத் தவறவிட்டு வருபவனுக்கும் கதை புரிய வேண்டும். இத்தனை கட்டுகளுக்குள்ளும் ஒரு மனிதன் மெய்யான வார்த்தை ஒன்றைச் சொல்வானாயின், அவனை எழுத்தாளன் என்று ஏற்காதிருப்பது எப்படி?

சில்லையூரார் 1995 அக்டோபரில் காலமானார். தேவாலய வாசலில் கண்ட முதியவர் ஒருவர், "அந்த நாடகம் போற நேரம் வீட்டிலை ஒருத்தரும் கதைக்கேலாது. குசினியிலை அம்மா அழுவா" என்று நினைவுகூர்ந்தார். தாய் அழுததை மகன் அறுபது வயதைக் கடந்தும் மறக்கவில்லை.

பகலுணவுக்குப் பின் கிழக்கு நோக்கிய நீண்ட பயணம். சுன்னாகத்திலிருந்து புத்தூர் வீதியிற் சென்று, அச்சுவேலி கடந்து, வல்லை வெளியை அடைந்தோம். வீடில்லை, நிழலில்லை, இருபுறமும் வெட்ட வெளி, நடுவே நீரேரி, முகத்தில் அறையும் காற்று. வல்லை முனியப்பரைக் கும்பிட்டுச் சற்று நின்றபோது, நமது சிறுபராயம் நினைவுக்கு வந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப் போயிற்று. வானொலிக்குப் போடும் பற்றறிக்கும் தடை. அக்காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரத்தில் டைனமோவைப் பொருத்தி, அதிலிருந்து கம்பி இழுத்து வானொலி கேட்போம். பெடலைக் கையாற் சுற்றும் பணி நமக்குரியது. நமக்கு அப்போது வயது பத்துக்கு மேலிராது. செய்தி முடிந்ததும் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நாடகம் வந்தால் மட்டும் அம்மம்மா போகமாட்டார். கை சோர்ந்து சக்கரம் மெதுவாகினால், நாடகத்தில் பேசிக்கொண்டிருப்பவரின் குரலும் தேய்ந்து அடங்கும். "ஐயோ, சுத்து ராசா, சுத்து! அந்தப் பிள்ளை என்ன சொல்லப்போகுது எண்டு கேப்பம்" என்று அம்மம்மா பதறுவார். வெளியே ஷெல் விழும் காலத்திலே, எங்கோ இருக்கும் இல்லாத பிள்ளை ஒருத்தியின் துயருக்காக ஒரு கிழவி பதறினார். அதை எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாது, நாமும் கேட்கவில்லை.

வெளியைத் தாண்டினால் வடமராட்சி. நெல்லியடிச் சந்தியிலிருந்து சிறிது தூரத்தில் கரவெட்டி. வடமராட்சிக்கும் நாடகத்துக்கும் உள்ள உறவு பழையது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை இப்பகுதியைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணப் பேச்சில் நாடகம் எழுதி, 1940இல் 'நானாடகம்' என்ற நூலாக வெளியிட்டவர். பேச்சு வழக்குக்கு நூலேறும் தகுதி உண்டோ என்று பண்டிதர்கள் ஐயுற்ற காலம் அது. மொழியியல் கற்ற பேராசிரியரே முன்னின்று அந்த வாயிலைத் திறந்தார். அவரிடம் பயின்று அவரது நாடகங்களில் நடித்தவர், 1932இல் கரவெட்டியிற் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பி. பின்னாளில் பேராசிரியராகப் பண்டைத் தமிழர் நாடகத்தை ஆராய்ந்த அவரே, இளமையில் இலங்கையர்கோனின் தொடரில் விதானையாராகக் குரல் கொடுத்தவர். காலையில் ஏழாலையிற் கேட்ட விதானையாரின் குரல், மாலையிற் பார்த்தால் கரவெட்டிக் குரலாக இருக்கின்றது!

இதே கரவெட்டியில் 1944இல் பிறந்தவர் கே. எஸ். பாலச்சந்திரன். 'அண்ணை றைற்' என்னும் தனிநடிப்பிலே பஸ் கொண்டக்டராக வந்து நாட்டையே சிரிக்க வைத்தவர் என்றால் வாசகர் எளிதில் அறிவர். இறைவரித் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நடித்தார், எழுதினார். 'தணியாத தாகம்' தொடரிலும் முக்கிய பாத்திரமொன்று அவருடையது. 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று' திரைப்படத்திலும் நடித்தார். 'கிராமத்துக் கனவுகள்', 'வாத்தியார் வீட்டில்' முதலிய வானொலித் தொடர்கள் அவர் எழுதியவை. போர் அவரைக் கனடாவுக்குக் கொண்டுபோயிற்று. அங்கும் எழுத்தை விடவில்லை. 2014இல் ரொறன்ரோவில் மறைந்தார். விதானையார் வீட்டில் தொடங்கியது வாத்தியார் வீட்டில் வந்து நின்றது என்று நண்பர் வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கையாயினும் அதில் உண்மை உண்டு. ஊரின் மதிப்புக்குரிய மனிதரை அவருடைய வீட்டுக்குள்ளே வைத்துப் பார்ப்பதே இத்தொடர்களின் உயிர். திண்ணையில் அதிகாரமாகப் பேசுபவர், அடுக்களை வாசலில் எப்படிப் பேசுகின்றார் என்று கேட்க நம் எல்லோர்க்கும் ஆசை.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. வழி நெடுகிலும் வீடுகளின் யன்னல்களில் தொலைக்காட்சியின் நீல வெளிச்சம். நம் நாட்டில் 1982இல் ரூபவாஹினி தொடங்கிற்று. அந்தப் பத்தாண்டில் தமிழகத் தொலைக்காட்சியைப் பிடிக்க நம் கூரைகளின் மேல் உயரமான அன்ரனாக்கள் எழுந்தன. 1999இல் தொடங்கிய 'சித்தி'யும், 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யும் உலகெங்கும் தமிழர் வீடுகளில் புகுந்தன. அவற்றை நாம் வெறுப்பதற்கில்லை. அவற்றிலும் நல்ல எழுத்து உண்டு. 1984இல் இந்தியத் தொலைக்காட்சியின் முதற் பெருந்தொடரான 'ஹம் லோக்' தொடரை எழுதிய மனோகர் ஷியாம் ஜோஷி, இந்தி இலக்கியத்தில் மதிக்கப்பட்ட நாவலாசிரியர். நடுத்தரக் குடும்பத்தின் அன்றாடப் பேச்சை அப்படியே எழுதியதாலேயே மக்கள் அதைத் தங்கள் கதை என்று கொண்டனர். பிறர் வீட்டுக் கதையைக் கேட்பதில் தவறில்லை. கேட்டுக் கேட்டு நம் வீட்டிலே எப்படிப் பேசுவோம் என்பதை மறப்பதுதான் இழப்பு.

திங்கட்கிழமை மாணவியை அழைத்தோம். முதற் கேள்விக்கு உள்ளபடியே விடை சொன்னோம்: "நான் பார்த்த மூன்று ஊர்க்காரரிலை ஒருத்தர் காரியாதிகாரி, ஒருத்தர் பத்திரிகைக்காரர், ஒருத்தர் இறைவரி உத்தியோகத்தர். நாடகம் மட்டும் எழுதிச் சீவிச்சவை இல்லை. அப்பா சொல்லுறதிலை நியாயம் இருக்குது. இப்ப சென்னையிலை அதையே தொழிலாச் செய்யிறவை இருக்கினம். எண்டாலும் முதலிலை படிப்பை முடி. ஆனால் எழுதுறதை விட்டிடாதை. அவையும் விடேல்லை." அவள் முகம் சிறிது வாடிற்று. பொய் சொல்லித் தேற்றுவதில் நமக்கு உடன்பாடில்லை.

பின்பு கொப்பியைக் கையிற் கொடுத்து, "வீட்டிலை அம்மம்மா இருக்கிறாவோ?" என்று கேட்டோம். இருக்கின்றார் என்றாள். "இதை அவவுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டு. அவ எந்த இடத்திலை சிரிக்கிறாவோ, அந்த இடத்தைத் திருத்து" என்று அனுப்பினோம்.

இரண்டு வாரம் கழித்து அவள் வந்தாள். பழைய கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. "சேர், அவ முதல் வசனத்திலேயே சிரிச்சுப்போட்டா" என்றாள். கையில் புதிய கொப்பி ஒன்றும் இருந்தது. நாடகம் முழுவதையும் திரும்ப எழுதியிருந்தாள். முதற் பக்கத்தைப் புரட்டினோம். கிணற்றடியில் தங்கை நிற்கின்றாள். வேலிக்கு அப்பால் தமக்கை. எட்டு ஆண்டுகளாகப் பேசாதவர்கள். கப்பிக் கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்துவிடுகின்றது. தமக்கை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொல்கின்றாள்:

"இஞ்சை, எங்கடை கயிறு கிடக்கு. வந்து எடு."

அந்தப் பகுதி அவ்விடத்தில் முடிகின்றது. எடுத்தாளா, இல்லையா என்பதை அறிய நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டினோம்.